கதவருகே அவர் சொன்ன பதில்

என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது தையற்காரி செல்லத்தாய். ஜூன் மாதம் நான் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்க இருந்தேன். அதற்காகப் புதுச் சேலைகள் எடுத்து, ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். முன்கழுத்து அளவெடுக்க நாடாவை வைத்தவள் விரலை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“டீச்சர், இங்கன என்ன தடிப்பா இருக்கு? எச்சியை முழுங்குங்க, பாப்போம்.”

முழுங்கினேன்.

“கூடவே ஏறி இறங்குது. எங்க மதினிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, மாத்திரையிலயே சரியாயிட்டு. எதுக்கும் ஒருதடவ காட்டிருங்க.”

விடைத்தாள் திருத்தும் வேலை முடியட்டும், பிறகு காட்டலாம் என்று வந்துவிட்டேன். அந்த மாதம் உடம்பைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

என் பெயர் ரூபி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் நிர்வாகம் என்னை நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பியது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பல வருடம் பேருந்தில் போய் வந்தேன். எம்.ஃபில். படிப்பில் பாதியை அந்தப் பேருந்தில்தான் படித்தேன். தலைமையாசிரியை பதவி ஒருமுறை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து வேறொருவருக்குப் போனது. இரண்டாம் முறை எனக்கே வந்தது.

அந்தப் பதவியை ஏன் விரும்பினேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் திறப்பார்கள். கருவி உடைந்துவிடுமாம். தேர்வு வரும்வரை பிள்ளைகள் அம்மீட்டரைப் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். அந்தக் கதவை வருடம் முழுக்கத் திறந்துவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். அந்த நாற்காலியும் எனக்கு வேண்டியிருந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேச வேண்டும் என்ற ஆசை பேருந்தில் நின்றுகொண்டு போன காலத்திலேயே வந்துவிட்டது.

என் கணவர் சாமுவேல் வேறு மாதிரி. தச்சநல்லூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். இரண்டு தடவை பதவி உயர்வு வந்தது. வெளிமாவட்டம் போக வேண்டும் என்றதும் இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

“அங்க போயி பெரிய சேர்ல உக்காந்து என்ன செய்ய?” என்பார். “சாயங்காலம் ஆத்துல ஒரு முங்கு, வந்து ஒரு டீ. எனக்கு இது போதும்ட்டி.”

ஆனால் ‘உனக்கும் போதும்’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் நாங்குநேரிக்கு ஓடியபோது குழந்தைக்குச் சோறூட்டியது அவர். என் சேலைக்கு இஸ்திரி போட்டதும் அவர்தான். ஆசைப்படுவது என் பங்கு, அமைதியாக இருப்பது அவர் பங்கு என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே பிரிந்துகொண்டது. அவர் நின்ற இடத்தில் நின்றதால்தான் நான் ஓட முடிந்தது. இது எனக்கு அப்போதே தெரியும்.

விடைத்தாள் வேலை முடிந்ததும் ஸ்கேன் எடுத்தோம். பிறகு கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். வலி பெரிதாக இல்லை. முடிவுக்காகக் காத்திருந்ததுதான் வலி. காத்திருப்பு அறையில் எங்கள் எதிரே ஓர் அம்மா தூக்குச்சட்டியிலிருந்து புளிச்சோறு எடுத்துப் பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். சாமுவேல் அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

தைராய்டு புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னார். “பயப்படாதீங்க. புற்றுநோயிலேயே இது நல்ல வகை. ஆபரேஷன் பண்ணி, அயோடின் மருந்து கொடுத்தா பெரும்பாலும் குணமாயிடும்.”

நல்ல வகை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தோம். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் மகள் பெனிட்டாவுக்கு அந்தச் சொல்லையே போனில் சொன்னோம். அவள் அடுத்த பேருந்தில் வந்து நின்றாள்.

கெட்ட செய்தி அதற்கு அடுத்த வாரம் வந்தது. தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நூல் போல ஒவ்வொரு நரம்பு ஏறிப்போகிறது. குரல் நாண்களை அசைப்பது அவைதான். நாம் பேசும்போது இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர வேண்டும். ஒரு நரம்பு போனால் அந்தப் பக்கத்து நாண் அசையாது. நடுவில் இடைவெளி விழும். சத்தம் வர வேண்டிய இடத்தில் காற்று வரும். என் இடப்பக்க நரம்பை ஒட்டிக் கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் காட்டியது.

அறுவை மருத்துவர் இளைஞர். பொறுமையாகப் பேசினார். “இப்ப ரெண்டு நாணும் நல்லா அசையுது. அதனால கட்டியை நரம்பிலிருந்து சுரண்டி எடுக்கப் பார்ப்பேன். ஒருவேளை முழுக்கச் சுத்தியிருந்தா ரெண்டு வழிதான். கொஞ்சம் கட்டியை விட்டுவச்சு அயோடின் மருந்தை நம்பணும். இல்ல, நரம்போட வெட்டி எடுக்கணும். உள்ளே பார்த்தாத்தான் தெரியும்.”

“நரம்பை விட்டுருங்க,” என்றேன். “மிச்சம் இருந்தா மறுபடி வாறேன். ஜூன்ல நான் பேசணும்.”

“சந்தேகம் வந்தா வெளியே வந்து சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

நான் சாமுவேல் பக்கம் திரும்பினேன். “கேட்டுக்கிட்டியளா? கேட்டா, நரம்பைக் காப்பாத்தச் சொல்லுங்க.”

அவர் தலையாட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்தபின்தான் பேசினார். “உயிர விடவா குரல் பெருசு? எனக்கு நீ இருந்தா போதும்ட்டி.”

“எனக்குப் போதாது அத்தான்,” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் என் துணிகளை மருத்துவமனைப் பைக்குள் அடுக்கினார். என் கடைசி முழு உரையாடல் அதுதான் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன். பெனிட்டாவை அவளுடைய முழுப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டிருப்பேன்.

மயக்கம் தெளிந்தபோது கழுத்தில் கட்டு, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய், விரல் நுனிகளில் ஊர்வதுபோல ஒரு மதமதப்பு. கால்சியம் குறைந்ததால் அப்படி இருக்கும் என்று செவிலி சொட்டு மருந்து ஏற்றினாள். தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் மிளகளவு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கின்றனவாம். அறுவையில் அவை கொஞ்சம் அதிர்ந்துவிடும், பிறகு தேறிக்கொள்ளும். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். ஒரு சீறல் வந்தது. தொண்டை புண்ணாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெனிட்டா கரண்டியால் தண்ணீர் ஊற்றினாள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறி, தையல் பிய்ந்துவிடும்போல இருமினேன். “தாடையை நெஞ்சோட ஒட்டவச்சு முழுங்கணும்மா, நாண் மூடல இல்லியா?” என்றாள் செவிலி. நரம்பு போனது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவள் நினைத்துவிட்டாள்.

நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டாக்டர் வெளிய வந்தாவ,” என்றார். “நரம்பச் சுத்தி முழுசா இருக்குன்னாவ. மிச்சம் வச்சா மூச்சுக்குழாய்க்குள்ள வளரலாம், வளராமலும் இருக்கலாம்னாவ. என்ன செய்யட்டும்னு கேட்டாவ.”

என் கை கழுத்துக் கட்டுக்குப் போனது.

“நான்தான் ரூபி சொன்னேன். வெட்டிருங்கன்னு.”

பெனிட்டா அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அதற்கும் அவர்தான் கைகொடுத்தார்.

வார்டில் இருந்த நாட்களில் பார்க்க வந்த எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ‘உயிர் பிழைச்சியே, அது போதும்.’ சபையார் ஜெபித்துவிட்டுச் சொன்னார்கள். உடன் வேலை பார்ப்பவர்கள் ஆரஞ்சு கொடுத்துவிட்டுச் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள் இருக்கிறது. போதுமா போதாதா என்பதைப் படுத்திருப்பவர் சொல்லட்டும். கேட்டால் மட்டும் போதாது, பதில் வரும்வரை உட்காருங்கள்.

எங்கள் பள்ளித் தாளாளரும் வந்தார். ஜூன் பிறந்து இரண்டாம் வாரம். நல்ல மனிதர். “ஒரு மாசம் பாப்போம்மா. குரல் திரும்பிட்டுன்னா நீங்கதான்,” என்றார். திரும்பாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாதம் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். பிறகு என்னைவிட இளைய ஆசிரியை கலைச்செல்விக்கு அதைக் கொடுத்தார்கள்.

அவள் ஆணை வந்த அன்றே வீட்டுக்கு வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். “வேண்டாம்னு சொல்லிட்டு வந்திட்டேன் டீச்சர். உங்க இடத்துல நான் எப்படி உக்காருவேன்?”

அப்போது எனக்குக் கிசுகிசுப்பு வந்திருந்தது. ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொற்கள். “போய்ச் சரின்னு சொல்லு,” என்றேன். மூச்சு வாங்கினேன். “ஒரு ஆள் விட்டது போதும்.”

அவள் அழுதாள். நான் தட்டிக்கொடுத்தேன். அவள் போன பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாயைத் திறந்தது பழக்கத்தால். மறைக்க வேண்டிய சத்தம் எதுவும் என்னிடம் இல்லை.

அறுவைக்குப் பிறகு அயோடின் சிகிச்சை. தைராய்டு செல்கள் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கதிர்வீச்சுள்ள அயோடினைக் குளிகையாகக் கொடுப்பார்கள். அதை உணவென்று எடுத்துக்கொள்ளும் செல் உள்ளிருந்தே எரிந்துபோகும். செல்களுக்குப் பசி எடுப்பதற்காகச் சில வாரம் முன்பே, எடுத்துவிட்ட சுரப்பிக்குப் பதிலாகத் தரும் தைராய்டு மாத்திரையை நிறுத்துவார்கள்; அயோடின் உள்ள உணவையும் நிறுத்துவார்கள். மாத்திரை இல்லாத அந்த வாரங்களில் உடம்பு நனைந்த சாக்கு போல ஆனது. முகம் வீங்கியது. ஒரு வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்தது. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. உப்பில்கூட அயோடின் சேர்க்காத உப்புதான் வேண்டும். கடைக்காரர்கள், “அண்ணாச்சி, இப்ப எல்லாப் பாக்கெட்லயும் அயோடின் உண்டே,” என்று கைவிரித்தார்கள். சாமுவேல் விடாமல் அலைந்து எங்கிருந்தோ வாங்கி வந்தார்.

நான் அவரோடு பேசவில்லை. பேச முடியாதது ஒரு பக்கம். பேசாமல் இருந்தது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டில் இருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். காலையில் சமைத்து வைத்துவிட்டு சங்கத்துக்குப் போவார். மதியம் போன் அடிக்கும். எடுப்பேன். “சாப்பிட்டியாட்டி? சாப்பிட்டேன்னா போனை ஒரு தட்டு தட்டு,” என்பார். ஒரு தட்டு தட்டிவிட்டு வைத்துவிடுவேன்.

சிகிச்சை மதுரையில். தனி அறை, கனத்த கதவு. என் உடம்பிலிருந்தே கதிர்வீச்சு வரும் என்பதால் யாரும் உள்ளே வரக்கூடாது. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு மணி அடிப்பார்கள். உமிழ்நீர்ச் சுரப்பி கெடாமலிருக்க எலுமிச்சை மிட்டாய் சப்ப வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கட்டிய துணியைத் தனியாக மூட்டைகட்டி விட்டுவர வேண்டும்.

தினமும் ஒருவர் ஒரு கருவியோடு வந்து வாசலில் நின்று, என்னைத் தூரத்தில் நிற்கச் சொல்லி, என்னிடமிருந்து எவ்வளவு கதிர்வீச்சு வருகிறது என்று அளப்பார். அந்தக் கருவியைப் பார்த்ததும் என் மனம் துள்ளியது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடாவருடம் கரும்பலகையில் வரைந்த கருவி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். அது என்னைப் பார்த்துக் கறகறவென்று சத்தம் போட்டது. நேற்றைவிட இன்று குறைவு, நாளை இன்னும் குறையும். அரை ஆயுட்காலம் என்று இத்தனை வருடம் நடத்திய பாடம் எனக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் குரலை உயர்த்தி… அங்கே வந்ததும் நினைவு வந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர், “தலை சுத்துதாம்மா?” என்று வாசலிலிருந்தே கேட்டார். இல்லை என்று கையசைத்தேன்.

நோய் தொடங்கியதிலிருந்து நான் அதிகம் நொறுங்கியது அந்தப் பகலில்தான். பதவி போனது வருத்தம். ஆனால் நான் நல்ல ஆசிரியை. அதில் எனக்குப் பொய்ப் பணிவு கிடையாது. வருடத்துக்கு வருடம் இன்னும் நன்றாக நடத்தக் கற்றுக்கொண்டு வந்தவள். இன்னும் மேலே போகலாம் என்று தெரிந்துகொண்டிருந்தபோதே குரல் என்ற கருவி கையிலிருந்து போய்விட்டது.

வீடு திரும்பிய பிறகும் சில நாள் விலகியிருக்க வேண்டியிருந்தது. பிறகு பள்ளிக்குப் போனேன். பேச்சுப் பயிற்சியில் குரல் கொஞ்சம் தேறியது. கிழிந்த காகிதத்தில் ஊதுவதுபோல ஒரு சத்தம். கலைச்செல்வி எனக்குச் சேலையில் மாட்டும் சின்ன மைக்கும் இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கியும் வாங்கித் தந்தாள். ஆய்வுக்கூடத்தை வருடம் முழுக்கத் திறந்து வைத்துவிட்டாள். முதல் நாள் பிள்ளைகள் உள்ளே போவதை வராந்தாவில் நின்று பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். நான் திறந்திருக்க வேண்டிய கதவு என்ற எண்ணமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று சொன்னவர்கள் யாரும் என் இடத்தில் நின்றவர்கள் அல்ல.

சமீபத்தில் வருடாந்தரப் பரிசோதனைக்குத் திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சுத்தமாக இருந்தன. கட்டி எங்கும் இல்லை. நரம்பை விட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன்.

“தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். சொல்லத் தெரியல.”

அவர் பொய் சொல்லாததற்கு நன்றி. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் சாமுவேலின் முகம் வெளுத்துப்போனது. கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தோம். அவர் டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். தன் டீயைத் தொடவில்லை.

“எனக்கு எதுக்கும் ஆசை கிடையாதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ,” என்றார். “நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அன்னைக்கு அந்தக் கதவுகிட்ட நின்னு டாக்டர் கேட்டப்ப, நீ சொன்னது எனக்கு மறக்கல ரூபி. ஒரு வார்த்தையும் மறக்கல. ஆனா நீ வேணும்னு மட்டும்தான் இருந்துச்சு. அம்புட்டு ஆசை என்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது. உன் ஆசை மேல ஏறி நின்னு என் ஆசையைச் சொல்லிட்டேன்.”

கேன்டீனில் தட்டுகள் விழும் சத்தம். மைக்கை வீட்டில் விட்டு வந்திருந்தேன். மேசை மேல் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் போனேன்.

“எனக்கும் நீங்க வேணும்,” என்றேன். மூச்சு வாங்கினேன். “அந்தக் குரலும் வேணும் அத்தான்.” மறுபடி மூச்சு. “ரெண்டும் வேணும்னு நினைச்சது தப்பா?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்.

“தப்பில்லட்டி. கிடைக்கல.”